ஒன்பதாம் நம்பரின் இடது கால்

விசிலக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது சலூன்காரர்தான். இரண்டு விரலை நாக்குக்கு அடியில் கொடுத்து அவள் ஒரு விசில் அடித்தால், கூடைப்பந்து அரங்கத்தின் அந்தக் கோடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்குப் புரை ஏறும். வயது ஐம்பத்திரண்டு. அந்தக் கல்லூரியில் அவள் படித்ததில்லை, அவள் வீட்டிலிருந்து யாரும் படித்ததில்லை. வேலை செய்யும் இடம் கல்லூரிக்கு எதிர்ச்சாரியில் இருந்தது, அவ்வளவுதான். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி அரங்கத்துக்குள் போனவள் பதினொரு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த கால் பட்டறையில் அவளுக்கு வேலை. ஈரமான மாவுக்கட்டுத் துணியைப் பாதத்தில் சுற்றி, காய்ந்ததும் கழற்றி, அதற்குள் மாவு ஊற்றி அச்சு எடுப்பாள். அந்த அச்சை வைத்துக்கொண்டு தட்டைப் பாதத்துக்கு மெத்தை, சர்க்கரைக்காரர்களுக்குப் புண் படாத செருப்பு, ஒரு கால் குட்டையாக இருப்பவர்களுக்குக் கட்டை என்று செய்து கொடுப்பாள். கட்டை என்றால் மரம் இல்லை; காலணிக்குள் வைக்கிற அழுத்தமான ரப்பர்தான். பட்டறையில் எல்லோரும் அதைக் கட்டை என்றே சொல்வார்கள். பதினெட்டு வருஷம் மாவுத்தூசியும் ரப்பர்த்தூளும் தின்று அவள் தொண்டை கரகரத்துப் போயிருந்தது. போனில் பேசினால் பாதிப் பேர் ‘சார்’ என்பார்கள்.

அரங்கத்தில் மூன்றாவது வரிசை அவர்களுடையது. அவர்கள் நான்கு பேர். அச்சகம் வைத்திருக்கிறவர் தோற்கிற நாளில் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் யார் எத்தனை போட்டார்கள், எத்தனை தவறவிட்டார்கள் என்று நோட்டில் கோடு கிழிப்பார். சலூன்காரருக்கு வாய் நிற்காது. நடுவரின் கண்ணாடி பவரிலிருந்து எதிர் அணிப் பயிற்சியாளரின் கால்சட்டை வரைக்கும் ஏதாவது கத்துவார், சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான்காவது ஆள் விசிலக்கா.

அந்த வருஷம் பெண்கள் அணி அரையிறுதிக்கு வந்திருந்தது. எதிரே ஊரின் இன்னொரு கல்லூரி. அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் பெண்ணுக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். பந்து அவள் கைக்குப் போனால் டீச்சர் பென்சிலைத் தயாராக வைத்துக்கொள்வார்.

விசிலக்காவுக்கு அந்தப் பெண்ணை வேறு விதத்திலும் தெரியும். நான்கு மாதத்துக்கு முன்னால் அவள் தன் அம்மாவோடு பட்டறைக்கு வந்திருந்தாள். இடுப்பு வலி என்று போனவளை டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, இடது கால் பதினாலு மில்லிமீட்டர் குட்டை என்று எழுதி அனுப்பியிருந்தார். பார்த்தவுடனே யாரென்று விசிலக்காவுக்குத் தெரிந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. அளவெடுத்து முடித்ததும் அந்தப் பெண் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, இது எங்கள் பயிற்சியாளருக்குத் தெரியாது, கூட விளையாடுகிறவர்களுக்கும் தெரியாது, மாநில அணித் தேர்வு வரப்போகிறது, தெரிந்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“இந்த ரூமுக்குள்ள வந்த காலு வெளிய போனதில்லம்மா. கவலைப்படாதே” என்றாள் விசிலக்கா. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வாக்கை விசிலக்கா காப்பாற்றவும் செய்தாள். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

அரையிறுதி கடைசி நிமிஷம் வரை இழுத்தது. நாலு விநாடி மீதி இருக்கும்போது ஐம்பத்தொன்றுக்கு ஐம்பது. இவர்கள் ஒரு புள்ளி முன்னால். ஒன்பதாம் நம்பர் கூடைக்கு எழும்பியபோது இவர்களுடைய கேப்டன், நாலாம் நம்பர், கையில் தட்டிவிட்டாள். நடுவர் ஊதினார். இரண்டு தனி எறிகள். இரண்டும் விழுந்தால் ஆட்டம் அவர்களுக்கு.

“இன்னைக்கு ஆறுக்கு ஆறு போட்டிருக்கா” என்று டீச்சர் நோட்டைப் பார்த்துச் சொன்னார். அச்சகக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அணி இறுதிக்குப் போனதில்லை. அந்தப் பெண் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கோட்டில் வந்து நின்றாள். அரங்கம் முழுக்கக் கத்திக் கத்தி ஓய்ந்து, அவள் பந்தை இரண்டு முறை தரையில் தட்டி நிமிர்ந்த அந்த நொடியில் தானாகவே ஒரு அமைதி விழுந்தது.

“ஏய் ஒன்பது! கட்டை நழுவுது பாரு, கட்டை!”

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது தன் குரல் என்று விசிலக்காவுக்கு உறைத்தது.

அந்தப் பெண் கூடையைப் பார்க்கவில்லை. குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள். பிறகு எறிந்தாள். பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. கேப்டன் பார்வையாளர்கள் பக்கம் திரும்பி, கத்தாதீர்கள் என்று கையைக் காட்டினாள். இரண்டாவது எறி வளையத்தைக்கூடத் தொடவில்லை. பந்து கேப்டன் கைக்கு வந்தது, நேரம் முடிந்தது.

மூன்றாவது வரிசை எழுந்து குதித்தது. அச்சகக்காரர் விசிலக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவளும் எழுந்து நின்றாள். குதிக்க வரவில்லை. தன் அணிப் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு சுற்றும்போது, கேப்டன் மட்டும் அவர்களோடு சேராமல் ஒன்பதாம் நம்பரிடம் போய் அவள் முதுகில் கை வைத்து நிற்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்தால் கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து அலசுவது வழக்கம். அன்றைக்கும் உட்கார்ந்தார்கள். அச்சகக்காரர் ஒவ்வொருவராக எடுத்து மார்க் போட்டார். பதினோராம் நம்பர் தடுப்பில் சிங்கம், ஆறாம் நம்பருக்குப் பந்தைப் பிடிக்கவே தெரியவில்லை, கேப்டன் பதினேழு புள்ளி எடுத்தது சரி, ஆனால் கடைசியில் அப்படிக் கையில் தட்டியது பைத்தியக்காரத்தனம் என்றார். அதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனம், ஜெயித்ததும் எதிராளி தோளைத் தடவப் போனது.

“நம்ம பொண்ணுங்க ஆடிட்டிருக்காங்க, இவ அங்க போய்த் துக்கம் விசாரிக்கிறா. கேப்டன்னா ஒரு வெறி வேணாமா?”

கணக்கு டீச்சர் டீயை ஆற்றிக்கொண்டே, இன்றைக்கு அந்த அரங்கத்தில் தான் பார்த்த ஒரே நல்ல விஷயம் அதுதான் என்றார். இருபத்து மூன்று புள்ளி எடுத்த பெண், ஆறுக்கு ஆறு போட்டவள், அடுத்த இரண்டையும் அப்படி விடுவாளா? யாரோ என்னமோ சொல்லி அவளைக் கலைத்துவிட்டார்கள். அதை ஜெயித்ததாகத் தன்னால் நினைக்க முடியவில்லை என்றார்.

யார் கத்தியது என்ற பேச்சு அப்படித்தான் வந்தது. கட்டையாவது நழுவுவதாவது, அர்த்தமே இல்லாத இந்த மாதிரி உளறல் யாருக்கு வரும் என்று அச்சகக்காரர் சலூன்காரர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிச் சிரித்தார்கள்.

“நான் இல்லப்பா” என்றார் சலூன்காரர். நான்கு பேர் தன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது அவரால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள முடியாது. “ஆனா எவன் சொன்னானோ, வேலை பண்ணிடுச்சுல்ல?” என்று அவரும் சிரித்தார். அதோடு அது அவர் கணக்கில் ஏறிவிட்டது.

விசிலக்கா சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். சொன்னால் கட்டை என்றால் என்ன என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் அந்தப் பெண்ணின் காலைச் சொல்ல வேண்டும். ஆக, அந்தப் பெண்ணுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். அந்த நியாயம் வீடு போய்ச் சேரும்வரைகூட நிற்கவில்லை. மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் அவள் வீட்டுக்காரர், ஜெயித்துவிட்டு வந்தவள் இப்படியா இருப்பாள், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தலைவலி என்றாள்.

வியாழக்கிழமை அந்தப் பெண் பட்டறைக்கு வர வேண்டிய நாள். வரமாட்டாள் என்று விசிலக்கா நினைத்தாள். வராமல் இருக்க வேண்டும் என்றும் நினைத்தாள். சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். அம்மா வரவில்லை. வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, காலுறையைக் கழற்றி, இடது காலை நீட்டினாள்.

“குதிகால்ல கொஞ்சம் உரசுதுக்கா.”

அக்கா என்றுதான் சொன்னாள். எப்போதும் போலத்தான் சொன்னாள். விசிலக்கா அந்தப் பாதத்தைத் தன் மடியில் வைத்து, கட்டை விரலால் குதிகாலைச் சுற்றி அழுத்திப் பார்த்தாள். சிவந்திருந்தது. ரப்பரை எந்திரத்தில் இழைத்து, ஓரத்தை மழித்து, இரண்டு முறை போட்டு நடக்கவைத்துப் பார்த்தாள். போன சனிக்கிழமை அரையிறுதியைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் மாநிலத் தேர்வு என்று மட்டும் அந்தப் பெண் சொன்னாள். நல்லா பண்ணும்மா என்று விசிலக்கா சொன்னாள். அவள் போனதும், நல்லவேளை, நான்தான் என்று இவளுக்குத் தெரியவில்லை என்று ஒரு பெருமூச்சு வந்தது. வந்த பெருமூச்சை நினைத்துக் கூசிப்போய் எந்திரத்துக்கு முன்னால் நின்றாள்.

சனிக்கிழமை இறுதி ஆட்டம். சலூன்காரர் கடையை அரை நாள் மூடிவிட்டுப் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். நால்வரும் ஒன்றாகத்தான் வாசலுக்குப் போனார்கள். காவலாளி சலூன்காரரை மட்டும் நிறுத்தினார். அரையிறுதியில் தோற்ற கல்லூரியிலிருந்து புகார்க் கடிதம் வந்திருக்கிறதாம், விளையாட்டு வீராங்கனையின் உடம்பைக் கேலி செய்து கத்தியிருக்கிறார்களாம். விசாரித்ததில் பத்துப் பேர் இவர் பெயரைத்தான் சொன்னார்களாம். இந்த வருஷம் முழுக்க உள்ளே விடக்கூடாது என்று விளையாட்டுத் துறை மேடம் உத்தரவு.

சலூன்காரர் முதலில் சிரித்தார். காவலாளி சிரிக்கவில்லை என்றதும் அவர் முகம் மாறியது. நான் கத்துவேன், நடுவரைத் திட்டுவேன், ஆனால் இதைச் சொன்னது நான் இல்லை என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகரு நகரு என்றார்கள். அவர் திரும்பி விசிலக்காவைப் பார்த்தார்.

“அக்கா, நீங்க எனக்குப் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க? சொல்லுங்கக்கா. நானா கத்தினேன்?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். காவலாளியும் பார்த்தார்.

“எனக்கு… சரியா ஞாபகம் இல்லயே” என்றாள்.

சலூன்காரர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு புதுச் சட்டையின் கையை மடித்து விட்டுக்கொண்டு, சரி விடுங்க என்று சாலையைக் கடந்து போனார். மற்ற மூவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. அச்சகக்காரர், கொஞ்சம் வாயைக் கட்டியிருக்கலாம் என்றார். ஆட்டம் ஆரம்பித்தது. பதினொரு வருஷம் காத்திருந்த ஆட்டம். கேப்டன் முதல் கூடையைப் போட்டபோது அச்சகக்காரர், விசில் எங்கக்கா என்று கேட்டார். விரலை வாயில் வைத்தாள்; காற்றுதான் வந்தது. பாதி ஆட்டத்தில் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

சலூன் திறந்திருந்தது. அவர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியில் அவளைப் பார்த்தும் திரும்பவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாள். வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போன பிறகு, எழுந்து நின்று சொன்னாள்.

“அன்னைக்குக் கத்தினது நான்தான்.”

அவர் கத்தியைத் துடைத்து மடக்கி வைத்தார். குரலைக் கேட்டபோதே தனக்குச் சந்தேகம் இருந்தது என்றார். ஆனால் விசிலக்கா அப்படிச் சொல்லமாட்டாள் என்று தானே அதை அடித்துப்போட்டுவிட்டாராம். கட்டை என்றால் என்ன என்று கேட்டார். அதை மட்டும் சொல்ல முடியாது, அது தன் தொழிலில் தெரிந்துகொண்ட விஷயம் என்றாள். அவர் துண்டை உதறிப் போட்டார்.

“எனக்கு வாய் நீளம்னு ஊருக்கே தெரியும். ஆனா ஒண்ணு சொல்றேன்க்கா. இந்த ஊர்ல யார் யார் தலையில டோப்பா இருக்குன்னு எனக்குத் தெரியும். யார் தலையில என்ன தழும்புன்னு தெரியும். என் பொண்டாட்டிகிட்டகூட ஒரு நாளும் சொன்னதில்ல.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“கத்தினதுகூடப் பரவாயில்ல. வாய் தவறிடும். வாசல்ல கேட்டேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்.”

திங்கட்கிழமை மேடத்திடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாள். உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு அவர் துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை சொன்னாள். மேடம் அவளுக்கு வயதில் சின்னவர். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, நீங்களா, நீங்களா என்று இரண்டு முறை கேட்டார். சலூன்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுவதாகவும், தடையை இவள் பெயருக்கு மாற்றுவதாகவும் சொன்னார். அங்கிருந்து நேரே பட்டறைத் தலைமை டாக்டரிடம் போனாள். அவரிடம்தான் முழுசாகச் சொல்ல முடிந்தது. பதினெட்டு வருஷத்தில் ஒரு குறை சொல்ல விடாத ஆள் என்பதால் வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் இனி நோயாளிகளைப் பார்க்க வேண்டாம், பின்னறையில் எந்திரத்தில் இழைக்கிற வேலையை மட்டும் பாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். தலையாட்டினாள். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணே பட்டறைக்கு வந்தாள். டாக்டர் அவள் வீட்டுக்கு போன் செய்து நடந்ததைச் சொல்லியிருந்தார். பின்னறை வாசலில், ரப்பர்த்தூள் படிந்த தரையில் இருவரும் நின்றார்கள். விசிலக்கா தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. நான்தாம்மா அது என்று மட்டும் சொன்னாள்.

“தெரியும்” என்றாள் அந்தப் பெண். “அன்னைக்கே தெரியும். கட்டைங்கிற வார்த்தையே நீங்க சொல்லித்தானே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா வியாழக்கிழமை வந்தே?”

“உரசிச்சு. தேர்வு வருது. வேற எடத்துக்குப் போனா இன்னொருத்தருக்குக் காலைக் காட்டணும். அதுக்கு நீங்களே மேல்னு தோணிச்சு.”

அந்தப் பாதத்தை மடியில் வைத்து வேலை செய்ததும், அவள் போனதும் இவளுக்குத் தெரியவில்லை என்று பெருமூச்சு விட்டதும் விசிலக்காவுக்கு ஞாபகம் வந்தன. அத்தனை நேரமும் அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டம் முடிந்த அன்று உடை மாற்றும் அறையில் எல்லோரும் என்ன கட்டை, என்ன கட்டை என்று கேட்டார்கள் என்றாள். காலணியைக் கழற்றிக் காட்ட வேண்டியதாகிவிட்டது. பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை, நல்லபடியாகத்தான் பேசினார். கூட விளையாடுகிறவர்களும் கேலி செய்யவில்லை. பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.

“ஆனா தேர்வு முடிஞ்சதும் நானே சொல்றதா இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன். தோத்து அழுதுக்கிட்டே சொல்ற மாதிரி ஆயிடுச்சு.”

அவள் குரலில் கோபம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். பிறகு, தன் கால் அச்சைக் கொடுத்துவிடும்படி கேட்டாள். பயிற்சியாளருக்குத் தெரிந்த ஒரு பட்டறை இருக்கிறதாம், இனிமேல் அங்கே செய்துகொள்கிறாளாம்.

அலமாரியில் அச்சுகள் வரிசையாக இருந்தன. விசிலக்கா அவளுடையதை எடுத்தாள். பழைய செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, விரல் பக்கம் உடையாமல் துணி வைத்துக் கட்டி, பையில் போட்டுக் கொடுத்தாள். குதிகாலில் இரண்டு மில்லிமீட்டர் குறைத்திருப்பதாக ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்தாள், அடுத்த ஆள் பழைய அளவையே போட்டுவிடக் கூடாது என்று. மன்னிச்சிடும்மா என்று கடைசியில் ஒருவழியாகச் சொன்னாள். அந்தப் பெண் பையை வாங்கிக்கொண்டு, சரிங்க என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, இதை என்னிடமாவது முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். உங்களிடம் சொல்லத்தான் ரொம்பக் கூச்சமாக இருந்தது என்றாள்.

சலூன்காரர் அடுத்த பருவத்தில் மூன்றாவது வரிசைக்குத் திரும்பிப் போனார். தெருவில் பார்த்தால் விசிலக்காவுக்குத் தலையாட்டுவார், நிற்கமாட்டார். கணக்கு டீச்சர் மட்டும் அவ்வப்போது போன் செய்வார். ஒருமுறை பேசும்போது, அந்த ஒன்பதாம் நம்பர் மாநில அணிக்குத் தேர்வாகிவிட்டாள், பேப்பரில் படம் வந்திருக்கிறது என்றார். விசிலக்காவுக்கு மனசு நிறைந்துதான் போனது. நல்ல செய்தி டீச்சர் என்றாள். அதற்கு மேல் சந்தோஷப்படத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது. வேலை இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.